டிவி கம்ப்யூட்டரில் சத்தம் போன மூன்று ஞாயிறுகள்

சூடேறிய தூசியின் வாசம்... அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்த இரண்டாவது நிமிஷம் ஹால் முழுக்க அதுதான் அடிக்கும். பழைய சிபியூ. நானே பார்ட்ஸ் சேர்த்துப் பூட்டி, டிவியோடு இணைத்து, பக்கத்தில் ஒரு ஹோம் தியேட்டரையும் வைத்து ராஜபாளையம் வீட்டில் கொடுத்திருந்தேன்.

அப்பாவுக்காக.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகலெல்லாம் அப்பா தனி. சீட்டு கிடையாது, டீக்கடை அரட்டை கிடையாது... பழைய பாட்டுதான் உயிர். ஹார்ட் டிஸ்க் நிறைய ஏற்றிக் கொடுத்தேன். திரையில் பாட்டின் பேர் மட்டும் ஓடும். அவர் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டில் யாருமே மெதுவாகப் பேசியதில்லை. மில்லும் தறியும் பழக்கிவிட்ட தொண்டை. உப்பு எடுத்துவரச் சொல்வதே சண்டை போல இருக்கும். தெருவில் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. அப்பாவுக்குப் போன் என்றாலே ஆகாது, எதுவானாலும் அம்மாதான் பேசுவாள். ஒருநாள் கூப்பிட்டாள்.

"ஏலே, அப்பாவோட பெட்டியில சத்தம் வரலையாம். மூஞ்சி தொங்கிப்போய் உக்காந்திருக்காவ. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

முதல் ஞாயிறு போனபோது நிஜமாகவே கோளாறு இருந்தது. ஏதோ அப்டேட் வந்து, சத்தம் ஹோம் தியேட்டருக்குப் போகாமல் டிவிக்குப் போய்க்கொண்டிருந்தது. டிவியோ ம்யூட்டில். செட்டிங்கை மாற்றினேன், பாட்டு வந்தது. பெருமையாகத் திரும்பி அப்பாவைப் பார்த்து நல்லா வருதா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

புதன்கிழமை மறுபடி அம்மா போன். சத்தம் இல்லையாம்.

இரண்டாவது ஞாயிறு போய் ஆன் செய்தால் பாட்டு அருமையாக ஓடுகிறது! எதற்கும் இருக்கட்டும் என்று சவுண்ட் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். ஒரு குறையும் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். லீவு நாள் இப்படிப் போகிறதே என்ற எரிச்சல். அப்பா முன்னால் போய் நின்றேன்.

"நா இருக்கும்போது வருது, நா போனதும் போயிருதா? எதப் போட்டு நோண்டுதீக? சும்மா இருக்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

"இல்லய்யா..." என்றார்.

கீபோர்டையும் மவுஸையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனிமேல் ஆன் மட்டும் செய்யுங்கள், பாட்டு தானாக ஓடும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரமும் அதே போன்.

மூன்றாவது ஞாயிறு கடையிலிருந்து புது சவுண்ட் கார்டு வாங்கிக்கொண்டு போனேன். மாட்டிவிட்டு டிவிக்குப் பின்னால் குனிந்து வயர் செருகிக்கொண்டிருந்தேன். வால்யூம் முழுசாக இருந்திருக்கிறது... பாட்டு கிளம்பியதும் ஜன்னல் கதவு அதிர்ந்தது. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பா நாற்காலியிலிருந்து கேட்டார்.

"ஏய்யா, இன்னும் சத்தம் வரலையே. வேற ஒயர் போட்டுப் பாக்குதியா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். டிவிக்குப் பின்னாலிருந்தே கூப்பிட்டேன். பதில் இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மில் ஆட்களுக்கு, மெஷின் ஓடும்போது உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற பழக்கம் உண்டு. அதை வைத்தே அப்பா எங்களோடு வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. பாட்டு மட்டும் கேட்காமல் போனதால் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நம்பியிருக்கிறார். முதல் ஞாயிறு தலையாட்டியதும் என் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்துத்தான். நானும் மூன்று வாரம் பெட்டியைத்தான் சோதித்தேன். சத்தம் என் காதுக்கு வந்தால் வேலை முடிந்தது... அதுதானே எங்கள் தொழில்.

காது டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நரம்பு போய்விட்டது, காதில் மிஷின் வைத்தாலும் பாட்டு, பேச்சு எதுவும் தெளிவாக விழாது என்று. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப... பெட்டிய நா கெடுக்கலையாய்யா?"

கேட்டபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது அந்த வீட்டில் புது டிவி இருக்கிறது. சிபியூவை எடைக்குப் போட்டாகிவிட்டது. அம்மா தறிக்குப் போவதில்லை, கத்திப் பேசுவதையும் விட்டுவிட்டாள். அப்பாவோடு உதட்டை மட்டும் அசைத்துப் பேசுகிறாள். அன்றைக்குத் தெருவுக்கே கேட்ட வீடு... இன்று மத்தியானம் போனால் ஃபேன் சுற்றும் சத்தம்தான்.

எனக்கு ஒன்று மட்டும் ஆறவே இல்லை. பாட்டு அவருக்குக் கேட்கவில்லை. அப்பா அப்பா என்று நான் கூப்பிட்டது கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஞாயிறு நான் திட்டியது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்திருக்கும்.

முகத்துக்கு நேராக நின்றுதானே திட்டினேன்...