அத்தையின் முதல் ஓட்டு

என் மாமனார் மேலவை உறுப்பினராக இருந்தவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஹார்டுவேர் கடைக்காரர். அவைக்குப் போன ஆறு வருடத்தில் அங்கே வாயைத் திறந்தது கொட்டாவி விடத்தான். அவையின் கழிப்பறையில் ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினார். நானறிந்த சாதனை அது ஒன்றுதான்.

அவரை ஜெயிக்க வைத்தது என் மாமியார். அந்தக் காலத்தில், நாங்கள் குடியேறியிருந்த நாட்டில், வீடோ கடையோ சொந்தமாக இருந்தால்தான் மேலவைத் தேர்தலில் ஓட்டு. அத்தை ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, பிள்ளையின் படிப்பு, மருமகளின் கோபம் எல்லாம் விசாரித்து ஓட்டுக் கேட்பார். ஆனால் வீடும் கடையும் மாமா பேரில் இருந்ததால் அத்தைக்கே ஓட்டு இல்லை. என்ன அநியாயம்!

பிறகு, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஒரு மசோதா வந்தது. கட்சித் தலைவர் கடைக்கே வந்துவிட்டார்.

"எல்லாரும் ஓட்டுப் போட்டா உங்கள எவன் திரும்ப அனுப்புவான்? உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்காதீங்க."

மாமாவுக்குப் பதவி மேல் கொள்ளை ஆசை. கடை போர்டில்கூட 'மேலவை உறுப்பினர்' என்று எழுதி வைத்திருந்தார். யோசித்து யோசித்து, ஆணி கேட்டவருக்குத் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தார். வாக்கெடுப்பு அன்று காலை அத்தையிடம், "நீ என்ன சொல்ற?" என்றார்.

"நான் என்ன சொல்றது? எனக்குத்தான் ஓட்டே இல்லையே," என்றபடி மாமாவின் சட்டைக்குப் பட்டன் தைத்தார் அத்தை.

மாமா மசோதாவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். மசோதா நிறைவேறியது, கட்சி அவரைக் கழற்றிவிட்டது. அடுத்த தேர்தலில் தனியாக நின்றார். வழக்கம்போல அத்தையைப் பிரச்சாரத்துக்குக் கூப்பிட்டார்.

"நானும் இப்போ ஓட்டுப் போடுறவ. முதல்ல என்கிட்ட வந்து கேளுங்க."

மாமா நிஜமாகவே வெளியே போய், வாசல் மணியை அடித்து, கும்பிட்டபடி உள்ளே வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல எனக்கு என்ன செஞ்சீங்க?"

"உனக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தேனே!"

"அது நீங்க கொடுத்ததில்ல. எனக்குச் சேர வேண்டியது. வேற?"

மாமா தலையைச் சொறிந்தார். "வேற ஒண்ணும் இல்லம்மா. இனிமேதான் செய்யணும்."

"சரி, யோசிக்கிறேன்."

மாமா மண்ணைக் கவ்வினார். முடிவு வந்த அன்று யாரும் அவரிடம் பேசத் துணியவில்லை. அத்தைதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத்தாங்க போட்டேன். பொண்டாட்டிங்கறதுக்காக இல்ல. நல்லா யோசிச்சுத்தான் போட்டேன்."

மாமாவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை, அவர் ஜெயித்த வருடம்கூட நான் பார்த்ததில்லை.