நின்ற இடத்திலேயே நில்லுங்கள், மாமா

சென்னைக்கு முதன்முதலாகப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். போடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற எனக்குச் சென்னை அப்படியொன்றும் பழக்கமில்லை. ஆனாலும் சொல்வேன். வாயைத் திறந்து கேளுங்கள். டீக்கடைக்காரரிடம் கேளுங்கள், கண்டக்டரிடம் கேளுங்கள், பூ விற்கிற அக்காவிடம் கேளுங்கள். சொந்தக்காரர் வந்து கூட்டிப்போவார் என்று மட்டும் நிற்காதீர்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மாமாவின் முகம் கண்முன் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. படிப்பு முடித்ததும் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு நேர்காணல் வந்தது. மாமா போனில் யோசனைகளாக அள்ளி விட்டார். யாரோடும் பேசாதே, ஏமாற்றிவிடுவார்கள். வழி கேட்காதே, உன் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆட்டோவில் ஏறாதே. கடைசியாக ஒன்று சொன்னார்: "கோயம்பேட்டுல எறங்கின எடத்துலயே நில்லும்மா. நகராத. நான் வந்து கூட்டிக்கிறேன்."

நின்றேன். எங்கள் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். தினமும் விடியலில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறுவாள். மலையில் பனி மூடினால் முன்னால் நிற்கிற செடிகூடத் தெரியாது. அப்போது வழி தப்பியவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் தேடி வந்துவிடுவார்கள். ஒரு ஆள் குறைந்தாலும் ஜீப்பு கிளம்பாது. அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். நில் என்று ஒருவர் சொன்னால், வருவேன் என்றுதானே அர்த்தம்?

பக்கத்து டீக்கடைக்காரர் எங்கே போகணும் என்று இரண்டு தடவை கேட்டார். மாமா சொன்னாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமாவின் போன் அணைந்தே கிடந்தது. வெயில் உச்சிக்கு வந்தது, நேர்காணலும் முடிந்துபோனது. பசியிலும் அவமானத்திலும் அழுதுகொண்டே அடுத்த பஸ்சில் ஊர் திரும்பினேன். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே ஒரு டவுன் பஸ் நேராகப் போகுமாம். அது பிறகுதான் தெரிந்தது.

போனில் சார்ஜ் இல்லை என்றார் மாமா. போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்து வந்த ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், மலைக்காட்டுப் பிள்ளை மரம் மாதிரி நின்ற கதையை நடித்தே காட்டினார். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் குனிந்த தலை நிமிராமல் பரிமாறிக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சென்னையில் வேலை என்று ஜீப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் அவள்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன். போன வருஷம் வசமாகச் சிக்கினார். அத்தையோடு போடிக்கு வந்தவருக்கு ஏலத்தோட்டம் பார்க்க ஆசை வந்துவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் லீவு போட்டு, அம்மா போகிற ஜீப்பிலேயே கூட்டிப்போனேன். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார்.

பிற்பகலில், படம் எடுக்கத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற பாறைக்கு வழி கேட்டார். கூட்டிப்போனேன். நினைத்த மாதிரியே பனி இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. அவர் கையில் ஒட்டியிருந்த அட்டைப்பூச்சியை உதறிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"நின்ன எடத்துலயே நில்லுங்க மாமா. நகராதீங்க. யாருகிட்டயும் வழி கேக்காதீங்க. நான் வந்து கூட்டிக்கிறேன்."

அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை, தலையாட்டினார். வரும் வழியில் தோட்டத்துக் காவல்காரச் சேட்டனைப் பார்த்து, பாறையில் ஒருவர் நிற்பார், இருட்டியதும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள் என்று சொல்லி வைத்தேன். கொஞ்சம் நடுங்கட்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

வேலை முடிந்து பெண்கள் ஜீப்பில் ஏறினார்கள். எல்லாரும் ஏறியாச்சா என்று டிரைவர் கேட்டார். முன் இருக்கை காலியாகக் கிடந்தது. பெண்கள் எங்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அந்த இருக்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நிதானமாகத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

"ஏறியாச்சு அப்பு. வெரசா எடு."

டிரைவர் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். கல்யாண வீட்டுக் கதை அந்த ஜீப்பில் எல்லாருக்கும் தெரியும்.

கொண்டை ஊசி வளைவுகளில் நான்தான் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சேட்டனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பயப்படாதே என்று அம்மாவின் காதில் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"சேட்டன்கிட்ட எதுக்குடி சொன்ன?"

இத்தனை வருஷமும் ஆத்திரம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா இருட்டி வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தார். வேட்டி முழுக்கச் சேறு, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். அத்தை பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். காட்டு மாடு செருமிய சத்தம் கேட்டதாம், அப்படியும் நகராமல் நின்றாராம். ஒருத்தராவது தேடி வந்தீர்களா என்று குரல் நடுங்கக் கேட்டார். பதிலை நான் வருஷக்கணக்காக வாயில் வைத்திருந்தேன். அதற்குள் அம்மா அவருக்குத் தட்டு வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பையும் ஊற்றினாள்.

"போன்ல சார்ஜு இல்லண்ணே," என்றாள்.

அம்மாவிடம் போனே கிடையாது.