கண்ணாடி மையும் ஜிப்ரியாவின் போத்தலும்

ஹட்டனில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடங்களாகச் சோதனைக்குழாய் கழுவிவருகிறவர் ஜிப்ரியா. பதவியின் பெயர் ஆய்வுகூட உதவியாளர். அவர் பெண்கள் அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் தங்கிப் படித்த மௌலவியா. பழைய அரபு நூல்களை அகராதி இல்லாமல் வாசிப்பார். அப்படிப்பட்டவரை எங்கே வைத்தால் நாட்டுக்குப் பயன் என்று யாரோ ஆழ்ந்து யோசித்து ஆய்வுகூடத்தில் வைத்திருந்தார்கள். ஜிப்ரியா குறை சொல்லவில்லை. எந்தப் போத்தலில் அமிலம், எந்தப் போத்தலில் காரம் என்று ஆசிரியர்களுக்கே அவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

கணவர் ஸஃப்வான் பஸ் நிலையத்துக்கு எதிரே குடையும் மழைக்கோட்டும் விற்கிறார். ஹட்டனில் தோற்பதற்கு வழியே இல்லாத வியாபாரம்.

போன வருடம் நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவில் 'பண்டைய மைகள் மீளுருவாக்கத் திட்டம்' தொடங்கியது. எண்ணூறு வருடங்களுக்கு முன் அரபு எழுத்தர்கள் மையும் வண்ணமும் செய்த முறைகளைப் பார்த்து, அதேபோலத் திரும்பச் செய்வது நோக்கம். பாலைவன வெயிலில் காய்ந்த மையை மீளச் செய்வதற்கு, இலங்கையிலேயே மூட்டமும் பனியும் மிகுந்த ஊரை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது. பணிப்பாளர் கலாநிதி தர்ஷனுக்குக் கொழும்பு வெக்கை ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு அரபும் தெரியாதுதான். அது ஆய்வுக்குத் தடையாக இருக்கவில்லை. மொழிபெயர்ப்பு வேறெங்கோ, வேறு யாராலோ செய்யப்பட்டு, ஆங்கிலத்தில் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

திட்டம் ஐந்து மாதம் ஓடிய பிறகு, சனிக்கிழமைகளில் பாத்திரம் கழுவ ஆள் தேவைப்பட்டது. பாடசாலை அதிபர் ஜிப்ரியாவின் பெயரைக் கொடுத்தார். நேர்முகத்தில், உடைக்காமல் கழுவுவீர்களா என்று கேட்டார்கள். கழுவுவேன் என்றார். அரபு தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

முதல் சனிக்கிழமை கழுவக் கிடைத்த கல்லுரலில் ஏதோ மின்னியது. தொட்டுப் பார்த்தார். கண்ணாடித் தூள். போத்தல்களை உடைத்து, மாவாக அரைத்து, மாசிக்காய்க் கஷாயத்தில் கலக்கி வந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த மை எழுதினால் மங்கிய பழுப்பாகப் படிந்து, காகிதத்தையும் கீறியது. அதற்குக் காரணம் நுவரெலியாவின் ஈரப்பதன் என்று நாற்பது பக்கத்தில் ஓர் இடைக்கால அறிக்கையும் எழுதியாகிவிட்டது.

மூலச்சுவடியின் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள், அழகுக்காக. ஜிப்ரியா கையைத் துடைத்துக்கொண்டு போய் அதை வாசித்தார். அதில் இருந்த சொல் 'ஸாஜ்'. இரும்பிலிருந்து கிடைக்கும் பச்சை உப்பு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள். மொழிபெயர்த்தவர் நடுவில் இன்னொரு எழுத்து இருப்பதாக நினைத்து 'ஸுஜாஜ்' என்று வாசித்துவிட்டார். அது கண்ணாடி.

அன்றைக்கே தர்ஷனிடம் சொன்னார்.

"சேர், இது கண்ணாடி இல்ல. அன்னபேதி. ஒரு எழுத்து மாறிப்போயிருக்கு."

"மிஸ், அது மூன்று பேராசிரியர்கள் பார்த்துச் சரியென்று சொன்ன மொழிபெயர்ப்பு."

"அவங்க பார்த்திருப்பாங்க சேர். வாசிக்கல்ல போல."

தர்ஷன் சிரித்தபடி, குழுவில் கதைப்பதாகச் சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ஜிப்ரியாவுக்குப் பாத்திரம் தேய்க்கப் புதிய தூரிகை ஒன்று வந்திருந்தது.

தலவாக்கலை வழியாக பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன்னை மதிக்காதது பழகிப்போன விஷயம். ஆனால் எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு மனிதன் நிறுத்து, அளந்து, பிழை வராமல் எழுதி வைத்திருக்கிறான். அவன் பெயரைச் சொல்லிப் போத்தல் உடைக்கிறார்களே என்பதுதான் தாங்கவில்லை.

ஹட்டனில் இறங்கி நேரே நாட்டு மருந்துக் கடைக்குப் போனார். மாசிக்காய் கேட்டதும் எந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கடைக்காரர் விசாரித்தார். அன்னபேதியும் பிசினும் கேட்டதும் விசாரணையை நிறுத்திவிட்டார். வீட்டில் மாசிக்காயை நொறுக்கி ஊறவைத்து, பாதியாக வற்றும்வரை காய்ச்சி, துணியில் வடித்து, அன்னபேதியைப் போட்டதும் சாறு கண்ணெதிரே கறுத்தது. ஸஃப்வான் எட்டிப் பார்த்தார்.

"என்ட வெள்ளைச் சாரத்திலயா வடிச்சீங்க?"

உடுத்துப் பழசான சாரம்தானே என்றார் ஜிப்ரியா. பழையதா இல்லையா என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

சுவடியில் அடுத்த வரிதான் சிக்கல். நாற்பது நாள் வெயிலில் வைக்கவும் என்று இருந்தது. ஹட்டனில் நாற்பது நாள் வெயில் சேர்ப்பதென்றால் ஓய்வூதியம் வாங்கும் வயது வந்துவிடும். நுவரெலியாவில் இதற்கென்று வெளிநாட்டு விளக்கு வரவழைத்திருந்தார்கள். ஜிப்ரியா பக்கத்துத் தோட்டத்து நல்லமுத்துவைத் தேடிப் போனார். தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், இலை காயவைக்கும் இயந்திரத்தில் வேலை செய்பவர் அவர். மகள் ஜிப்ரியாவின் பாடசாலையில் படிக்கிறாள். மைப் போத்தலை அந்தச் சூட்டில் வைத்துத் தரமுடியுமா என்று ஜிப்ரியா கேட்டார்.

"நாப்பது நாளுங்களா? தொர கேட்டா என்னன்னு சொல்றதுங்க?"

மருந்து என்று சொல்லச் சொன்னார் ஜிப்ரியா. நல்லமுத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து, முழங்கால் வலிக்கான மருந்து என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வாரத்தில் ஸ்டோர் உத்தியோகத்தர்கள் இருவர் தங்களுக்கும் ஒரு போத்தல் கேட்டார்களாம்.

ஐப்பசியில் பங்களாவில் கண்காட்சி. கெய்ரோவிலிருந்து பழஞ்சுவடிகளைப் பாதுகாக்கும் நிபுணர் ஒருவர், ஓர் அம்மா, வந்திருந்தார். கண்ணாடி மையில் நாணல் பேனாவைத் தோய்த்து எழுதினார். கறகறவென்று சத்தம் கேட்டது. மூன்றாவது சொல்லில் காகிதம் கிழிந்தது. அந்தக் காலத்து மைக்கே உரிய சொரசொரப்பு அது என்று தர்ஷன் விளக்கினார். அந்த அம்மா மையை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, விரலில் ரத்தம் வருகிறதா என்றும் பார்த்தார்.

தண்ணீர்த் தட்டோடு நின்ற ஜிப்ரியா, கைப்பையிலிருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்து, இதையும் எழுதிப் பாருங்கள் என்று அரபியில் சொன்னார். கல்லூரியை விட்ட பிறகு ஓதுவதைத் தவிர அவர் வாயில் அரபு வந்ததில்லை. மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா ஒரு வரி எழுதினார். பேனா வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் எழுத்து வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. தர்ஷன் உடனே மன்னிப்புக் கேட்டு, இது துப்புரவுப் பிரிவின் தனிப்பட்ட ஆர்வம், திட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று தெளிவுபடுத்தினார். ஜிப்ரியா பேசாமல் சுவரோரம் போய் நின்றார். இந்த மை போத்தலில் கறுப்பாகத் தெரிந்தாலும், காகிதத்தில் காற்றுப் பட்டுத்தான் கறுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நேரத்துக்கு அன்று பஞ்சமில்லை. வரவேற்புரை, தலைமையுரை, அனுசரணையாளர் உரை, பிரதம விருந்தினரின் செயலாளருடைய உரை. தர்ஷன் தலைமையுரையில் ஈரப்பதனைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். மூன்றாவது உரையில் எழுத்து கருநீலமானது. நான்காவது உரை நடக்கும்போதே அந்த அம்மா எழுந்து, காகிதத்தைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். எழுத்து அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது.

எங்கே கிடைத்தது இந்த முறை என்று அவர் ஜிப்ரியாவிடம் அரபியில் கேட்டார்.

"அந்தச் சுவரில் இருக்கிறது" என்று அரபியிலேயே சொன்னார் ஜிப்ரியா.

தர்ஷன் தன் மன்னிப்புக்கு இன்னொரு மன்னிப்புக் கேட்டு, இது முழுக்க முழுக்கத் திட்டத்தின் சாதனை என்று திருத்திக்கொண்டார். இறுதி அறிக்கையில் கண்ணாடி அரைத்த மாதங்கள் 'பயனுள்ள ஒப்பீட்டுக் கட்டம்' ஆகின. ஜிப்ரியா, பெயரில் ஓர் எழுத்து தவறி, நாற்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பில் இருந்தார்.

இந்த முறை அவர் பேசாமல் இருக்கவில்லை. தொடர்ந்து வரச்சொல்லித் தர்ஷன் கேட்டபோது, எல்லாச் செய்முறைக் குறிப்புகளையும் மூலத்திலிருந்து தான் திரும்ப வாசிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளராகத் தன் பெயர் முதல் பக்கத்தில், சரியான எழுத்தோடு வரவேண்டும் என்றார். கெய்ரோ அம்மா ஏற்கெனவே ஜிப்ரியாவின் விலாசம் கேட்டுக் கடிதம் எழுதியிருந்ததால், குழு இதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது.

இருபத்திரண்டு குறிப்புகளில் ஒன்பது பிழை. ஓரிடத்தில் 'ஈ விழாமல் மூடிவை' என்பது 'ஈக்களைப் போட்டு மூடிவை' என்று இருந்தது. அதற்காக மூன்று வாரம் ஈ பிடித்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் ஈ கிடைப்பதும் லேசில்லை. அந்த இடத்தை வாசித்த அன்று ஜிப்ரியா வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லித் திரும்பவும் சிரித்தார்.

இப்போது பச்சை வண்ணம் செய்யும் குறிப்பில் இருக்கிறார். செப்புத் தகட்டை வினாகிரிக்கு மேலே தொங்கவிட்டுச் சட்டியை மூடிவைத்தால், தகட்டில் பச்சை பூக்கும். வீடெல்லாம் புளித்த வாடை. இதை எத்தனை நாள் வைக்கச் சொல்லியிருக்கிறது என்று ஸஃப்வான் மூக்கைப் பிடித்தபடி கேட்டார்.

"ஒரு மாசம். இந்தப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாம், எழுதியிருக்கார்."

"மூக்கப் பத்தி ஒண்டும் எழுதல்லயா?" என்று கேட்டுவிட்டு, ஸஃப்வான் ஜன்னலைத் திறக்கப் போனார்.