கடைசி வாய்

கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சாமியறையில், அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு காய்ந்த குச்சி கிடக்கிறது. பூசைக்கு உதவாத குச்சி. வருகிறவர்கள் மூலிகையோ என்று கேட்பார்கள். முன்பு அதில் ஊசி ஊசியாக இலைகள் இருந்தன, உதிர்ந்துகொண்டே இருக்கும். "உந்தத் தும்பைக் கூட்டியே என்ர முதுகு போகுது, எறியுங்கோவன்" என்று மனைவி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். சொன்னாளே தவிர, அவளும் எறியவில்லை.

அதைத் தந்தவர் என் போர்மன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். போர்மன் ஒஸ்ரியாவில் பிறந்து இளவயதில் இங்கே வந்தவர். வேலையில் கறார், சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். நவம்பர் பிறந்தால் துவக்கோடு வடக்கே மான் வேட்டைக்குப் போய்விடுவார். அந்த வருடம் இலங்கையில், போரால் இடம்பெயர்ந்திருந்த இடத்தில், என் அம்மா இறந்துபோனார். சேதி என்னிடம் வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் எட்டுச்செலவே முடிந்திருந்தது. நான் ஒரே மகன். கொள்ளி வைக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. அதையெல்லாம்விட, சேடம் இழுத்துக் கடைசி மூச்சு வாங்கிய நேரத்தில் அம்மாவின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்ற கேள்விதான் என்னைத் தின்றது. வேலையில் நான் பேயறைந்தவன் போல நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் போர்மன் என்னைக் காட்டுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். காரணம் எதுவும் சொல்லவில்லை. எங்களோடு வேலை செய்த அண்ணை ஒருவர், வன்னியில் மான் இறைச்சி தின்ற ருசியை மறக்காதவர், அழைக்காமலே தொற்றிக்கொண்டார்.

பின்னேரம் காட்டோரத்தில் ஒரு மான் வந்து நின்றது. போர்மன் சுட்டார், விழுந்தது. "விழுந்திட்டுது, வாங்கோ தூக்குவம்!" என்று அண்ணை எழும்பிவிட்டார். போர்மன் கையை நீட்டி அவரை இருத்தினார். விழுந்ததெல்லாம் செத்ததல்ல என்றார். துவக்கை இறக்காமல், கண்ணை எடுக்காமல், நெடுநேரம் அப்படியே இருந்தார். குளிரில் என் கால் விறைத்துவிட்டது. பிறகு மானின் முதுகுப்பக்கமாக, அது எங்களைக் காணாதபடி கூட்டிக்கொண்டு போனார். மானின் கண் திறந்தே கிடந்தது. "முடிஞ்சுது" என்றார் அண்ணை. போர்மன் ஒரு நீளக் கொப்பை முறித்து, அதன் நுனியால் கண்ணோரத்தை மெல்லத் தொட்டார். இமை அசைந்தது.

அப்போதுதான் விலா மெல்ல ஏறி இறங்குவதைக் கண்டேன். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு அதன் தலைப்பக்கம் போனேன். போர்மன் என் ஜக்கெற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். உன்னைக் கண்டால் மிச்சமிருக்கிற உயிரையெல்லாம் கூட்டி ஓடப் பார்க்கும், அதற்கு இப்போது வேண்டியது தண்ணீர் அல்ல, நாங்கள் சுணங்காமல் முடித்துவிடுவதுதான் என்றார். எங்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, குறி பார்த்து இன்னொரு வெடி வைத்தார். மறுபடியும் கொப்பால் கண்ணைத் தொட்டார். அசையவில்லை. இன்னொரு தரமும் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஏன் தண்ணீர் என்று கேட்டார். என் அரைகுறை இங்கிலிசில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். வேலை இடத்தில் ஒருவருக்கும் சொல்லாததை அந்தக் குளிரில் நின்று சொல்லி முடித்தேன். அவர் பக்கத்து ஊசியிலை மரத்தில் சின்னக் கிளையொன்றை ஒடித்து, அதை இரண்டாக முறித்தார். எங்கள் ஊரில் மானுக்குக் கடைசி வாய், அதன் கடைசிக் கவளம், கொடுக்காமல் தூக்க மாட்டோம் என்று சொல்லி, ஒரு பாதியை என் கையில் வைத்தார். வலக்கையால் அதை மானின் வாயில் வைத்தேன். வைத்தபோது குலுங்கி அழுதேன். எதற்கும் பகிடி விடுகிற அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மற்றப் பாதி, சுட்டவர் தன் தொப்பியில் செருகுவதாம். போர்மன் அதையும் எனக்கே தந்துவிட்டார். அம்மாவுக்கு நான் செய்யாதது செய்யாததுதான். ஆனால் அன்று இரவு, பல மாதங்களுக்குப் பிறகு, நித்திரை கொண்டேன். அந்த நன்றியை அவருக்கு ஒழுங்காகச் சொல்ல என் இங்கிலிஸ் ஒருநாளும் போதவில்லை.

போன வசந்தத்தில் போர்மன் இறந்துபோனார். செத்தவீட்டுக்குப் புறப்படும்போது குச்சியைக் கையில் எடுத்தேன். மனைவி அதை வாங்கி ரிசுப் பேப்பரில் பக்குவமாகச் சுற்றித் தந்தாள். "முழுக்கக் குடுத்திடாதேங்கோ, என்ன?" என்றாள். பெட்டி திறந்திருந்தது. நான் குச்சியை முறிப்பதைப் பார்த்த அவருடைய மகள் விலகி இடம்விட்டாள். ஒரு பாதியை அவர் விரல்களுக்கிடையில் வைத்தேன். அம்மாவுக்கு முன்னால் இப்போது கிடப்பது மற்றப் பாதி.