வந்த வழியும் வந்த வலியும்

"வந்த வலி சொல்லும்மா" என்கிறார் சிஸ்டர், மூக்குக் கண்ணாடியைக் கோட்டு நுனியில் துடைத்தபடி.

"அடிவயித்துல சுருக்குன்னு ஆரம்பிச்சு, அப்படியே இடுப்பைச் சுத்தி…"

"அந்த வலி இல்லம்மா. வந்த வலி!"

"அதான் சிஸ்டர் சொல்றேன். ஆறு மணிக்கு வந்த வலி, அப்புறம் எட்டுக்கு ஒண்ணு…"

தரை துடைத்துக்கொண்டிருக்கும் ஆயாம்மா தலையைத் தூக்காமலே மொழிபெயர்க்கிறார்: "எந்த ரூட்ல வந்தேன்னு கேக்கறாங்க கண்ணு. வீட்ல இருந்து இங்க வரைக்கும் வழி சொல்லு."

பிரசவ வார்டு வாசலில் இந்த உரையாடல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நடக்கும். சிஸ்டருக்கு 'ழ' வராது. மழை அவருக்கு மலை, பழம் பலம், குழந்தை கொலந்தை. இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான கொலந்தைகளைக் கையில் வாங்கியிருக்கிறார். பிறந்தவர்களில் ஒருவர்கூட ஆட்சேபித்ததில்லை.

வழி கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "வலி உச்சத்துல இருக்கறப்போ எவளாலயும் தொடர்ந்து பேச முடியாது. பேச்சு நடுவுல நின்னா நிஜ வலி. கடைசி ஸ்டாப் வரைக்கும் நிக்காம ஓடுச்சுன்னா பொய் வலி" என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். தண்ணீர்த் தொட்டி, தபால் ஆபீஸ், பழைய பாலம் என்று சொல்லிக்கொண்டே வருகிறவள் பாலத்தில் பல்லைக் கடித்தால் உள்ளே கட்டில் தயார். ஆஸ்பத்திரி வாசல் வரை மூச்சு விடாமல் வந்து சேர்ந்தால், சிஸ்டரின் மோவாய் மெல்ல உயர்ந்து வெளிக்கதவைக் காட்டும். "போய்ட்டு வாம்மா. கொஞ்சம் நட, தண்ணி குடி, இடது பக்கமாப் படு. நிக்கற வலி நின்னுடும். நிக்காம அடுத்தடுத்து, ஒண்ணைவிட ஒண்ணு ஜாஸ்தியா வந்தா அப்புறம் வா." யாரையும் 'போ' என்று சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. ஆகவே அவர் பெயரே போய்ட்டு வா சிஸ்டர் என்று ஆகிவிட்டது.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் இதெல்லாம் தானே தெரியும். ஆரம்பத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அனுபவம் ஏற ஏறக் கை இறங்கிவிட்டது. "முகத்தைப் பார்த்தாலே தெரியும். இதுக்குப் போய்க் கையை வேற வெக்கணுமா?" என்பார். முகத்தையும் பார்ப்பதை விட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன.

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வருகிற கூட்டம் அப்படி. ஒரு வீட்டுக்காரர் பாய், தலையணை, வாளி, பிளாஸ்க் சகிதம் குடிமாறி வருகிறவர் போல வந்து இறங்குவார். மனைவி பின்னால் சாவகாசமாகப் போன் பேசிக்கொண்டு வருவாள். இன்னொருவர் போனில் கணக்கு வைத்திருப்பார். "ஏழு நிமிஷம் நாப்பது செகண்டுக்கு ஒண்ணு வருது சிஸ்டர்." "ஏலு நிமிஷம் சரி, அந்த நாப்பது செகண்டை எங்க வெக்கறது?" என்பார் சிஸ்டர். மாமியார்கள் தனி ரகம். "எனக்கெல்லாம் வலின்னே தெரியாது, நாலும் தானா வந்துச்சு" என்று மருமகளை முறைப்பார்கள். சிஸ்டருக்கும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். வலி என்ற ஒன்றை அவர் இதுவரை எதிரில்தான் பார்த்திருக்கிறார். இதை ஆயாம்மா எல்லோரிடமும் ரகசியமாகச் சொல்வதுண்டு.

மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது என்பார்கள். மகாதேவன் வழி கேட்கத் தெரியாதவர் என்பது சிஸ்டரின் கட்சி. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்பார். திருப்பி அனுப்பியவர்களில் எவளும் பாதி வழியில் பெற்றுக்கொண்டதாகச் சேதி வரவில்லையாம். அப்படிப் பெற்றுக்கொண்டவள் இவருக்கா சேதி அனுப்புவாள் என்று அவர் யோசித்ததில்லை.

போன மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாளர் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இது மூன்றாவது வருகை. ஒலிபெருக்கியில் எந்த வண்டி எந்த வழியாகப் போகிறது என்று நாள் முழுவதும் சொல்கிற குரல். முதல் இரண்டு தடவையும் வழி கேட்டதும் தொழில் புத்தியில் கணீரென்று கடைசி வரை ஓட்டிவிட்டாள். இரண்டு தடவையும் பொய் வலிதான். வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் நின்றுவிட்டது. கூட வந்த கணவர் அதே பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருப்பவர். வலி பார்க்கத் தெரியாதவர் என்று அண்டை அயலில் பெயர் வாங்கியாயிற்று.

"வந்த வலி சொல்லும்மா."

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தண்ணீர்த் தொட்டியிலிருந்து புறப்பட்டு, ரயில்வே கேட், தபால் ஆபீஸ், பலைய பாலம் வலியாக மருத்துவமனை வரை." குரல் எங்கும் நிற்கவில்லை.

சிஸ்டரின் மோவாய் உயர்ந்தது. "போய்ட்டு வாம்மா."

"இனிமே வர மாட்டேன்" என்றாள் அவள், மெதுவாக எழுந்து. "மூணு தடவை அசிங்கப்பட்டாச்சு. வீட்டுலயே இருந்துக்கறேன்."

வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மூடினால் எப்போது திறக்கும் என்று கேட் கீப்பருக்கே தெரியாது. கணவர் பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சிஸ்டர், இவ 'வலியாக'ன்னு சொல்லிட்டா."

"வேற எப்படிச் சொல்லணுமாம்?"

"வழியாக."

"அதத்தானேப்பா சொன்னா! வலியாக!"

ஆயாம்மா துடைப்பத்தை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பேப்பர் கடைக்காரர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எட்டு வருஷமா இவ குரலைக் கேட்டுக்கிட்டேதான் பேப்பர் விக்கறேன் சிஸ்டர். காய்ச்சல்ல மைக் முன்னாடி நின்னிருக்கா. இவங்கப்பா போன சேதி கையில இருக்க, வந்த வண்டிக்கு ரூட் சொல்லி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சா. நடுவுல நிறுத்தவே மாட்டா, அப்படிப் பழகிட்டா. ஒரு நாளும் 'ழ' விட்டதில்ல. இன்னிக்கு ஒரே மூச்சுல ரெண்டு விட்டுட்டா. அவளால முடியல சிஸ்டர்."

சிஸ்டருக்கு இதில் பாதி புரியவில்லை. இரண்டு சொல்லும் அவர் காதில் ஒன்றாகத்தான் விழுந்தன. ஆனாலும் ஆளை வாயடைத்து அனுப்புவதற்காகவே எழுந்து போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

வயிறு பலகையாக இறுகியிருந்தது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம், இன்னும் இறுக்கம் விடவில்லை. விட்டது. கையை எடுக்காமல் நின்றார். மூன்று நிமிஷம் ஆவதற்குள் மறுபடியும் இறுகியது. அப்போதுதான் அவர் அந்த முகத்தை நேராகப் பார்த்தார். உதடு வெளுத்து, நெற்றி முழுக்க வியர்வை.

"ஆயாம்மா, வண்டியைத் தள்ளிட்டு வா! ஓடு!"

உள்ளே போய்ப் பார்த்தபோது கர்ப்பவாய் முழுக்கத் திறந்திருந்தது. அரை மணியில் பெண் குழந்தை. தொப்புள்கொடி கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. டாக்டர் நிதானமாக விடுவித்தார். வீட்டில் என்றால் யார் விடுவித்திருப்பார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. குழந்தை போட்ட சத்தம் மட்டும் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற சத்தம்.

சிஸ்டர் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கொழந்தை நல்லா இருக்குல்ல, விடுங்க" என்றார் ஆயாம்மா.

"இல்ல ஆயாம்மா. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிச்சிருக்கேன். எல்லாரும் நல்லா இருப்பாங்கல்ல?"

ஆயாம்மா குழாயை மூடிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் முதல் ஆளாக வந்தவள் சிரித்த முகத்தோடு, ஜிலேபி நிறத்துப் பையும் தானுமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்காமலே வளவளவென்று பேசினாள். எந்தச் சட்டப்படி பார்த்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியவள். சிஸ்டரின் மோவாய் பழக்கத்தில் பாதி உயரம் வரை வந்துவிட்டது.

அங்கேயே நின்றது. "வந்த வ…" என்று ஆரம்பித்தார். நாக்கை உள்ளே மடித்துப் பார்த்தார். வரவில்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சில்லென்றிருந்த உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, அவள் வயிற்றின் மேல் வைத்தார்.