பூட்டி வைத்த பேட்டியைக் கேட்கப் போன கதை

கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கும் வேலைக்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல குடை. அடுத்தது, எந்த வீட்டிலும் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லாத வயிறு. படிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிங்களம் கடைவீதியில் கற்றது. ஆங்கிலம் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் கற்றது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் பல்கலைக்கழகக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது. அவர்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன், சனங்கள் சொன்னதை எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு, நாங்கள் சேர்த்துக் கொடுத்தவற்றில் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேட்கப் போனேன். ஏதாவதொரு அலுவலகத்தில் ‘இந்தப் படிவம் இல்லை, அந்தப் படிவம்’ என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தனிமையில் கேட்க வேண்டும்

ஆராய்ச்சிக்கு ஒரு விதி உண்டு. பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும், வேறு யார் காதிலும் விழக்கூடாது. இந்த விதியை எழுதியவர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவைப் பார்த்ததில்லை. எங்கள் பழைய லயங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் வெங்காயம் அரிந்தால் இந்தப் பக்கம் கண்ணீர் வரும்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு ஆராய்ச்சியாளர் கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, என்னை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் கேட்டார், “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள்?” அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு, “ஏழு மணி நேரம்ங்க” என்றார். உடனே மேலேயிருந்து அசரீரி மாதிரி ஒரு குரல்: “பொய் சொல்லாதடி, நாலு மணிக்கே ஒன் அடுப்புச் சத்தம் கேக்குது.” ஆராய்ச்சியாளர் திடுக்கிட்டு மேலே பார்த்தார். நான் விளக்கினேன். அவர் வெளியே போய்ப் பக்கத்து வீட்டம்மாவிடம், ஒட்டுக் கேட்பது சரியில்லை என்று பணிவாகச் சொன்னார். அந்தம்மா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொன்ன பதில்: “நான் ஒட்டுக் கேக்கலங்க சார். இது என் வீடு, நான் சும்மாதான் இருந்தேன்.”

எம்-17

குலுக்கல் முறையில் வீடுகளைத் தெரிவு செய்த ஓர் ஆராய்ச்சியில் எங்கள் வீட்டு இலக்கமும் விழுந்துவிட்டது. என் மனைவி பாக்கியத்தைப் பேட்டி எடுக்க வேண்டும். சொந்தக்காரரை நாமே பேட்டி எடுக்கக் கூடாது, அதுவும் விதி. புருசன் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது, அது இன்னொரு விதி. அந்த விதியை மற்ற வீட்டுப் புருசன்மாருக்கு எடுத்துச் சொல்லி வெளியே அனுப்பியவனே நான்தான். ஆகவே, என்னோடு வேலை செய்த தலவாக்கலைப் பெண்பிள்ளை பஸ்மினா ஒலிப்பதிவுக் கருவியோடு உள்ளே போனது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்றேன்.

நாற்பது கேள்வி. எல்லாம் எனக்கு மனப்பாடம். முப்பத்தொன்றாவது கேள்வி, ‘உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள்’. மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், அந்தக் கேள்வி வரும் நேரம் சாரல் பெருமழையாக மாறியது; ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பஸ்மினா கதவைத் திறந்தது. பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பேட்டிக்கும் ஓர் இலக்கம் கொடுப்போம். உறையை என்னிடம் நீட்டி, என் பெண்சாதியின் இலக்கமான எம்-17ஐ என் கையாலேயே எழுத வைத்துவிட்டுச் சொன்னது: “அங்கிள், இனி நீங்க உங்கட வீட்டுக்குள்ள போகலாம்.”

ஆறு பேர் தெரிவில் நான் எவர்?

பாக்கியம் போய் நாலு வருடம் ஆகிறது. நெஞ்சு அடைக்கிறது என்றாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஃபோனில் படமெடுத்தால் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கும் ஆள் அவள். அவள் குரல் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: எம்-17. அதைக் கேட்க வேண்டும். முப்பத்தொன்றுக்கு என்ன சொன்னாள் என்றும் தெரிய வேண்டும். பஸ்மினாவைக் கேட்டேன். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறது. “எத்தனை வீடு அங்கிள், எது யாருடையதெண்டு ஞாபகமே இல்ல” என்றது. அடுத்த காம்பரா சரசுவைக் கேட்டேன். முப்பது வரைக்கும் நன்றாகக் கேட்டதாம். அந்த நேரம் பார்த்துச் சரசு வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம்.

ஒலிப்பதிவுகள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் தரவுக் களஞ்சியத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். டவுனில் ஃபோன், கணினி வேலைகள் செய்து தரும் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் நஸீர் நானா கணினியில் தேடிக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சியின் பெயர் இருந்தது. பேராசிரியர் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படமும் இருந்தது. ‘கட்டுப்படுத்தப்பட்ட தரவு. அணுகல் கோரிக்கை அனுப்பவும்.’ கோரிக்கைப் படிவம் நான் யார் என்று கேட்டது. பேராசிரியர், விரிவுரையாளர், முதுகலை மாணவர், இளங்கலை மாணவர், அரச அதிகாரி, தொழில்துறை நிபுணர். இதில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது. நானா யோசித்துவிட்டு, தேயிலையும் தொழில்துறைதானே என்று என்னை நிபுணர் ஆக்கினார். ‘ஆராய்ச்சியின் நோக்கம்’ என்ற கட்டத்தில், என் மனைவியின் குரலைக் கேட்க என்று போடச் சொன்னேன். நானா விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். “பொஞ்சாதி எண்டு போட்டா ஒரு நாளும் தரமாட்டாங்க அண்ணன். ‘மலையகப் பெண்களின் குரல்கள்’ எண்டு போடுவம், உண்மையும்தானே?”

மேற்பார்வையாளரின் கடிதம்

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. விண்ணப்பதாரரின் மேற்பார்வையாளர் ஒரு கடிதம் தரவேண்டும்.

இதற்கா கவலைப்பட்டேன்? தோட்டத்தில் மேற்பார்வைக்கா பஞ்சம்? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற இடத்துக்கே போய், எங்கள் டிவிசன் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பிடித்தேன். வேலைக்கு ஆளைப் பிரித்து மலைக்கு அனுப்பிவிட்டு, அவர் கடிதத்தைக் கவனமாகப் படித்தார். பிறகு ஒரு தாளில், இன்னார் எனக்குக் கீழ் இந்த டிவிசனில் குடியிருப்பவர், நன்னடத்தை உடையவர், கேட்டதைக் கொடுத்து உதவவும் என்று எழுதி, ஊதா மையில் முத்திரையும் குத்தினார். பேராசிரியர்தான் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று நஸீர் நானா பிறகுதான் சொன்னார். ஆனால் பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அங்கேயும் முத்திரையைத்தான் பார்த்திருக்கிறார்கள். நன்றி சொல்லப் போனபோது கண்டாக்கையா சொன்னார்: “நான் மேற்பார்வை பாக்குறது கொழுந்துக் கூடையைத்தான். ஆராய்ச்சியும் நம்ம டிவிசன்ல வருதுன்னா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

நானே எனக்குச் சம்மதம்

அடுத்ததாகத் தரவுப் பாதுகாப்புத் திட்டம் கேட்டார்கள். ‘தகர அலுமாரி, ஒரே சாவி, என் அரைஞாண் கயிற்றில்’ என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் களஞ்சியத்து அலுவலர் எனக்கு ஃபோன் எடுத்தார். மரியாதையான இளம்பெண் குரல்.

“பேட்டி கொடுத்தவருடைய சம்மதக் கடிதம் வேணும் ஐயா.”

“அவ இப்ப இல்லம்மா. எறந்துட்டா.”

“ஐயோ, மன்னிக்கணும் ஐயா. அப்படின்னா நெருங்கிய உறவினர் தரலாம்.”

“அது நாந்தாம்மா.”

“நீங்க விண்ணப்பதாரர் ஆச்சே. விண்ணப்பதாரர் தனக்குத் தானே சம்மதம் தர முடியாது.” அடுத்த விதியும் வந்தது. “அதோட, அந்தப் பேட்டி உங்க மனைவியோடதுதான்னு எங்களால உறுதிப்படுத்தவும் முடியாது. அது ரகசியம்.”

“எம்-17 தாம்மா. உறையில நம்பர் எழுதினதே நாந்தான்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். ஆராய்ச்சி உதவியாளர் எல்லாரும், எந்த இலக்கம் எவருடையது என்று வெளியில் சொல்ல மாட்டேன் என ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்களாம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறதாம். இருந்ததுதான். என் மனைவி யார் என்று நான் அவரிடம் சொன்னது ஒப்பந்த மீறல். அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க இப்ப சொன்னதை நான் கேக்கலைன்னு வச்சுக்கிறேன் ஐயா.”

சரசு கையெழுத்து வைக்கிறாள்

முகம் தொங்கிப்போய் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது, சரசு விசயத்தைக் கேட்டாள். பேட்டி கொடுத்தவருக்குத் தன் பேட்டியைக் கேட்க உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை என்று சொன்னேன். “அப்ப நான் கேக்கலாமே அண்ணே. அதுல பாதி நான்தானே பேசினேன்?” என்றாள். எனக்குப் பொறி தட்டியது. சுவருக்கு மேலாக அவள் சொன்ன பதிலெல்லாம் அந்தக் கருவியில் விழுந்திருக்குமே! நஸீர் நானா சரசு பெயரில் புதுக் கோரிக்கை அனுப்பினார்.

நெறிமுறைக் குழு கூடியது. மறுபடி கூடியது. இரண்டு மாதம் கழித்துச் சரசுவுக்கு வந்த கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்தேன். ‘தங்கள் சம்மதமின்றித் தங்கள் குரல் பதிவாகியிருப்பதற்கு வருந்துகிறோம். தாங்கள் விரும்பினால் அந்தப் பதிவை முழுவதுமாக அழித்துவிடுகிறோம்.’ மிச்சமிருந்த ஒரே குரல். நான் உடனே அவளுக்கு விளக்கினேன். சரசு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். “அழிக்கிறதா? எனக்கு வருத்தம்னா, நடுச்செவுத்தைக் கூரை வரைக்கும் கட்டித் தரச் சொல்லுங்க. பாக்கியத்தக்கா பேசினதுல கை வைக்க வேணாம்னு எழுதுங்க!”

அப்படியே எழுதினேன்.

உதவியாளர்

குழு இறங்கி வந்தது. பதிவைக் கையில் தரமாட்டார்கள். நூலகத்தில் வந்து ஒரு தடவை கேட்கலாம். வாசிக்கத் தெரியாத பங்கேற்பாளர் ஓர் உதவியாளரைக் கூட்டி வரலாம். சரசுவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அவளுடைய உதவியாளர் உத்தியோகம் கிடைத்தது. பெரட்டுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

ஃபோனில் பேசிய பெண்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார், ஆனால் கேட்கவில்லை. சரசுவின் குரல் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் இல்லை, ஆகவே முழுவதையும் போடுவதைத் தவிர வழியில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆளுக்கொரு காதுக்கருவி. முதலில் இருமல், அவளுடைய இருமல். பிறகு பெயர் சொன்னாள், வயது சொன்னாள். சரசு குறுக்கே பாய்ந்து வயதைத் திருத்தினாள். பாக்கியம் அவளைத் திட்டினாள். பக்கத்தில் இருந்த சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். நான் காதுக்கருவியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று வந்தது. மழை தகரத்தில் இடிக்கும் சத்தம். பஸ்மினா கேட்டது. பாக்கியம் கருவிக்கு நெருங்கி வந்த மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “நல்ல மனுசன் தாங்க. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஆனா பாருங்க, தோட்டத்துல உள்ள பொம்பளைங்ககிட்ட எல்லாம் போயி நாப்பது கேள்வி கேக்குறாரு, என்கிட்ட இத்தன வருசத்துல ஒன்னு கேட்டதில்ல. இத அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, மனசு ஒடைஞ்சிருவாரு.”

அவள் கேட்டுக்கொண்ட ரகசியத்தைப் பல்கலைக்கழகம் பூட்டுப் போட்டுக் காப்பாற்றித்தான் வைத்திருந்தது. படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பி அதை உடைத்தவன் நான்தான்.