விகாரை நாய்களுக்கு வாய்த்த ரம்பாய்

ரம்பாய்க்கு நாயென்றால் ஆகாது. தாய்லாந்தின் ஹின் தம் குப்பத்தில் இதை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். நாய் நக்கினால் கை கழுவுகிற ஜாதி அவள்.

கடற்கரைச் சாலையில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்தாள். வாசலில் இரண்டு இயந்திரம், உள்ளே ஓர் இஸ்திரி மேசை, பின்கட்டில் கொடிக்கயிறு. இளவயதில் ஹோட்டலில் அறை துடைத்தபோது காதில் விழுந்து படிந்த இங்கிலீஷ் ஒன்று அவளிடம் இருந்தது. குப்பத்தைச் சுற்றி வீடு வாங்கிக் குடியேறிய வெள்ளைக்காரக் கிழவர் கிழவிகள் அந்த இங்கிலீஷுக்காகவே அவளிடம் துணி போட்டார்கள். குழாய் உடைந்தாலும், மின்கட்டணம் புரியாவிட்டாலும், பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன் கூவினாலும் ரம்பாயிடம்தான் ஓடி வருவார்கள்.

அப்படி வந்தவள்தான் குனில்லா. ஸ்வீடனில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நாய்முடி அப்பிய கம்பளிகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள்.

"விகாரை வரைக்கும் ஒரு நிமிஷம் வர்றியா, ரம்பாய்? பெரிய சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

அந்த ஒரு நிமிஷம் ஏழு வருஷம் ஓடியது.

விகாரையில் அப்போது பத்துப் பதினைந்து நாய்கள் இருந்தன. சொறி பிடித்தது, காலொடிந்தது, வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போட்டுக் காய்ந்துபோனது. பிக்குகள் உண்டு மிஞ்சியதைத் தின்று அவையும் காலம் தள்ளின. அவற்றுக்குக் கருத்தடை செய்யவேண்டும், வைத்தியச் செலவெல்லாம் இங்கே குடியேறிய எங்கள் கூட்டத்தின் பொறுப்பு என்றாள் குனில்லா. தலைமைப் பிக்குவான பெரிய சாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேணும்னும் நான் சொல்லல, வேணாம்னும் சொல்லல" என்றார்.

ரம்பாய் அதை, "சாமி சரின்னு சொல்றாங்க" என்று சொன்னாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் அது. ஒருவர் சொன்னதை மற்றவருக்கு நோகாமல் வழித்துத் துடைத்துக் கொடுப்பாள். குனில்லா, "இந்த ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சமும் இரக்கமில்ல" என்றால், ரம்பாய் ஊர்க்காரர்களிடம், "மேடத்துக்கு மனசு கஷ்டமா இருக்காம்" என்பாள். ஊர்க்காரர்கள், "வேலையத்த கிழவி" என்றால் குனில்லாவிடம், "உங்க சிரமத்த நினைச்சு ஆச்சரியப்படுறாங்க" என்பாள். துணி வெளுப்பவளுக்கு இது பெரிய வித்தையா என்ன.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. ஆண் நாயை அறுப்பது பாவம், அடுத்த பிறவியில் அதே கதி நமக்கும் வரும் என்று கிழவர்கள் முணுமுணுத்தார்கள். நண்டு வலை போடும் அவள் புருஷன் தவினுக்கு அதில் ஏக குஷி.

"எத்தனைய அறுத்தீங்க இன்னிக்கி?"

"நாலு."

"நாலு பிறவிக்கு என்னைப் புருஷனாக் கேட்டுடாத. எனக்குப் புள்ளகுட்டி வேணும்."

"நீ முதல்ல இந்தப் பிறவியில அண்டாவத் தூக்கி வண்டியில வை" என்பாள் அவள்.

அண்டா நிறைய நொய்யரிசியும் கோழி எலும்பும் வேகவைத்துப் பக்கவண்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் காலையில் விகாரைக்குப் போவது எப்படியோ அவள் தலையில் வந்து விடிந்திருந்தது. குனில்லாவால் அண்டா தூக்க முடியாது. மற்ற வெள்ளைக்காரர்கள் குளிர்காலத்தில் வருவார்கள், நாய்க்கொரு பெயர் வைப்பார்கள், படம் பிடிப்பார்கள், வெயில் ஏறினதும் விமானம் ஏறிவிடுவார்கள். பெயர் வாங்கிய நாய்கள் கடற்கரை வீட்டு வாசல்களில் போய்ப் படுத்துக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்தபடி மெலியும். அவற்றைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதும் ரம்பாய்தான்.

ஆனாலும் ஒரு காரியம் நடந்தது. மூன்றாம் வருஷம் விகாரையில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. சொறி மறைந்து முடி வளர்ந்தது. ரம்பாய் அதைத் தன் காரியமென்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சோறு வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

அப்போதுதான் பலகை வந்தது. டெஸ்மண்ட் என்ற இங்கிலீஷ்காரர் புதிதாகக் குனில்லாவின் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். எதையும் நேராகச் செய்யவேண்டும் என்பவர். 'இது நாய்கள் காப்பகம். இங்கே நாய்களை விட்டுச் செல்லாதீர்கள்' என்று நெடுஞ்சாலை முக்கில் பெரிதாக எழுதி, விகாரைக்குப் போகும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்.

"பலகை வேணாங்க. இதப் படிக்கிறவனுக்கு இங்க நாய்க்குச் சோறு கெடைக்கும்னுதான் புரியும்" என்றாள் ரம்பாய்.

"விடாதீங்கன்னு தெளிவா எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. கூடவே வழியும் போட்டிருக்கு."

டெஸ்மண்ட் சிரித்தார். ஜனங்கள் மேல் நம்பிக்கை வேண்டும் என்றார். அடுத்த வாரம் முதல் பட்டணத்திலிருந்து வண்டி வந்தது. அட்டைப் பெட்டியில் நான்கு குட்டி, சாக்கில் ஒரு கிழட்டு நாய், கூண்டோடு ஒன்று. விகாரை வாசலில் வைத்து, கைகூப்பிக் கும்பிட்டு, புண்ணியம் சேர்ந்த முகத்தோடு போனார்கள். மழைக்காலத்துக்குள் நாய்கள் நாற்பதைத் தாண்டின. பலகையை எடுக்கச் சொன்னால் செலவு செய்து வைத்ததாயிற்றே என்றார்கள். ரம்பாய் பெரிய சாமியிடம் போய் வாசலில் கதவு போடச் சொன்னாள்.

"அடைக்கலம்னு வர்றத வராதேன்னு சொல்ல நான் யாரு?" என்றார் சாமி.

"நீங்க யாரும் இல்ல சாமி. சோறாக்குறது நான்" என்று நாக்கு நுனிவரை வந்தது. பிக்குவிடம் அப்படிப் பேசலாமா? தரையில் தலைதொட்டு வணங்கிவிட்டு எழுந்து வந்தாள்.

புதிதாக வந்தவை கூட்டம் சேர்ந்து, விகாரைக்குப் பின்னாலிருந்த பிரயூனின் வாத்துப் பட்டியில் புகுந்து பாதி வாத்துகளைக் கடித்துப் போட்டன. பிரயூன் ரம்பாய்க்கு அண்டைவீட்டுக்காரர். அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். செத்த வாத்துகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு அவள் கடை வாசலில் கொட்டினார்.

"இந்தா, உன் புள்ளைங்க வேட்டையாடினது. வெள்ளைக்காரிக்குப் பொரிச்சுக் குடு."

"அண்ணே, என் நாயா அதுங்க?"

"சோறு போடுறவதான் சொந்தக்காரி. சட்டமே அப்படித்தான் சொல்லுது."

இரண்டு வாரம் கழித்து விகாரைக் கிணற்றடியில் மூன்று நாய்கள் நுரைதள்ளிச் செத்துக் கிடந்தன. யாரோ விஷம் வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. டெஸ்மண்டுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பட்டியருகே கம்போடு நின்ற பிரயூனின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, 'இவன்தான் கொலைகாரன்' என்று எழுதிவிட்டார். எங்கெங்கோ இருக்கும் ஆயிரம் பேர் பிரயூனைச் சபித்தார்கள். அவர் மருமகள் கைபேசியைக் கொண்டுவந்து காட்டியபோது, தன் முகத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் பிரயூன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஊர்த்தலைவர் பேசித் தீர்க்கலாமென்று கூட்டினார். பிக்குகள் காலையுணவு முடித்த பிறகு விகாரை மண்டபத்தில் ஒரு பக்கம் டெஸ்மண்டும் குனில்லாவும், மறுபக்கம் பிரயூனும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்தார்கள். நடுவில் ரம்பாய். விடியலில் அண்டா தூக்கிய இடுப்பு வலி இன்னும் விட்டபாடில்லை. இரண்டு பக்கமும் அவளையே பார்த்தன, எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணம் என்பதுபோல.

டெஸ்மண்ட் முதலில் பேசினார். "விஷம் வைக்கிறவன் கோழை. இவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உங்க மதம் சொல்றது ஒண்ணு, நீங்க செய்யறது ஒண்ணுன்னு சொல்லு."

ரம்பாய் வாயைத் திறந்தாள். 'அவருக்கு ரொம்ப வருத்தமாம்' என்ற வார்த்தை வழக்கம்போலத் தயாராக இருந்தது. ஏனோ அன்றைக்கு அது வெளியே வரவில்லை. டெஸ்மண்ட் சொன்னதை ஒரு சொல் குறையாமல், அதே வேகத்தில் தாய்லாந்து மொழியில் சொன்னாள். மண்டபத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பிரயூனின் கழுத்து நரம்பு புடைத்தது. "கொன்னிருந்தா கொன்னேன்னு சொல்லியிருப்பேன். வாத்து செத்தப்பக் கம்போட வந்து நின்னவன் நான், ஒளிஞ்சு விஷம் வைக்கிறவன் இல்ல. இந்தக் கிழவன அவன் ஊர்ல பெத்த புள்ளையே சேத்துக்கல. அதான் இங்க வந்து நாய்க்கு அப்பனாயிருக்கான். சொல்லு அவன்கிட்ட."

அதையும் அப்படியே சொன்னாள்.

டெஸ்மண்டின் முகம் வெளுத்தது. அவருக்கு ஒரு மகன் உண்டென்பதும், பேச்சுவார்த்தை இல்லையென்பதும் ரம்பாய்க்குத் தெரியும். சட்டைக் காலரை இஸ்திரி போடும்போது அவரே ஒரு தடவை சொன்னது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பிரயூன் இருட்டில் எறிந்த கல் குறி தப்பாமல் பட்டுவிட்டது. ஆனால் டெஸ்மண்ட் பிரயூனைப் பார்க்கவில்லை, ரம்பாயைத்தான் பார்த்தார்.

"நீயே சொல்லிக் குடுத்தியா?"

பிரயூனும் அவளைத்தான் பார்த்தார். "அப்படியேவா சொல்லிட்ட?"

"சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்" என்றாள் ரம்பாய். "இத்தனை வருஷமா நீங்க ரெண்டு பக்கமும் பேசினது எதையும் நான் சொன்னதே இல்ல. சொல்லியிருந்தா முதல் வருஷமே வெட்டிக்கிட்டுச் செத்திருப்பீங்க." இதையும் இரண்டு மொழியிலும் சொன்னாள்.

கூட்டம் அதோடு கலைந்தது. டெஸ்மண்ட் ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை நீக்கிவிட்டார், மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேறு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். பிரயூன் வாத்துப் பட்டிக்குக் கம்பிவேலி போட்டார். ரம்பாய் எதிரில் வந்தால் வேலி ஆணியைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார். கடைக்கு வரும் துணி குறைந்தது. அவள் வாய்த்துடுக்குக்காரி என்று வெள்ளைக்காரர்கள் விலகினார்கள். வெள்ளைக்காரரின் ஆள் என்று ஊர்க்காரர்கள் விலகினார்கள்.

"ரெண்டு படகுல கால் வச்ச. ரெண்டும் போயிடுச்சு. நீந்தத் தெரியுமில்ல?" என்றான் தவின்.

அவள் வழக்கத்தைவிடப் பலமாகக் கரண்டியால் அண்டாவைத் தட்டினாள்.

குனில்லா மட்டும் வந்துகொண்டிருந்தாள். பிறகு அவளும் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து, சிகிச்சைக்கு ஸ்வீடன் போனாள். "மழை முடிஞ்சதும் வந்துடுவேன். அதுவரைக்கும் பாத்துக்க" என்று ரம்பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மழை முடிந்தது, அவள் வரவில்லை. மகன் வந்து வீட்டை விற்றுவிட்டுப் போனான். குனில்லா அரிசிக்கு ஏதோ பணம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். சோறு வைக்கிற நேரமாகப் பார்த்துக் கைபேசியில் கூப்பிடுவாள்.

"அந்த ஒத்தக் காது நாய் எங்க? கொஞ்சம் காட்டேன், ரம்பாய். என்னை ஞாபகம் இருக்கா அதுக்கு?"

ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கைபேசி, காலடியில் நாற்பது நாய். ஞாபகம் இருக்கிறது மேடம் என்று ரம்பாய் சொல்வாள். அதில் மட்டும் பழைய பழக்கம் மாறவில்லை.

போன வெயில்காலத்தில் ஒரு காலை, அவள் சோறு வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பெண் சிரித்தாள். நல்ல உடுப்பு, கழுத்தில் புத்தர் பதக்கம்.

"அக்கா, நீங்க தங்கமான மனசுன்னு ஊரே சொல்லுது" என்று ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினாள். ஐந்து குட்டிகள், கண் திறந்து கொஞ்சநாள் இருக்கும்.

"இடமில்லம்மா. எடுத்துட்டுப் போங்க" என்றாள் ரம்பாய்.

அந்தப் பெண் சங்கடத்தோடு தலையாட்டி, கண்ணாடியை ஏற்றி, வண்டியைத் திருப்பினாள். விகாரை மதில் முடிகிற திருப்பத்தில் நிறுத்திக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேகமெடுத்தாள். ரம்பாய் அதைக் கண்ணால் பார்த்தாள். வண்டிக் கதவில் எழுதியிருந்த பாத்திரக்கடையின் பெயரையும் பார்த்தாள். பட்டணத்துச் சந்தை வீதியில் இருக்கும் கடை அது.

அண்டாவை அப்படியே இறக்கிவைத்துவிட்டுக் கூடையைப் பக்கவண்டியில் வைத்தாள். வழி நெடுக வாய்விட்டுத் திட்டினாள்: அந்தப் பெண்ணை, பலகையை, குனில்லாவை, பெரிய சாமியை, ஏழு வருஷத்துக்கு முன்னால் சரியென்று எழுந்துபோன தன்னை.

பாத்திரக்கடையில் கூட்டம். ரம்பாய் கூடையைக் கல்லாவின் மேல் வைத்துப் பணிவாகக் கைகூப்பினாள்.

"அம்மா, விகாரையில மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க."

சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் காதுவரை சிவந்தது. சிரிப்பை மட்டும் விடவில்லை.

"வீட்டுல இடமில்லக்கா. விகாரையில விட்டா புண்ணியம்னு சொன்னாங்க..."

"புண்ணியம் உங்களுக்கு. பீ அள்ளுறது எனக்கா?" ரம்பாய் குரலை உயர்த்தவில்லை. "தாய் எங்க?"

பிளாஸ்டிக் தொட்டிகள் அடுக்கியிருந்ததன் அடியில் பழுப்பு நிறப் பெட்டை ஒன்று முலைகள் தொங்கப் படுத்திருந்தது. குட்டிகளின் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியது.

"இத என்கூட அனுப்புங்க. ஆபரேஷன் பண்ணி, தையல் ஆறினதும் கொண்டாந்து விடுறேன். இல்லேன்னா அடுத்த மழைக்கு இன்னொரு கூடை தூக்கிட்டு வருவீங்க."

"பாவமில்லையாக்கா?"

"இருந்தா அது என் கணக்குல இருக்கட்டும்."

பேரம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் மூன்று குட்டிகளை வைத்துக்கொள்வதாகக் கடைக்காரி எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். தாயும் இரண்டு குட்டிகளும் ரம்பாயோடு வந்தன. வீட்டு வாசலில் தவின் எண்ணிப் பார்த்தான்.

"அஞ்சு கொண்டுபோயி மூணு கொண்டாந்திருக்க. முன்னேற்றந்தான்."

கால்நடை டாக்டர் வருகிற நாளில் பெட்டைக்கு ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறியதும் சொன்னபடி கடைக்குக் கொண்டுபோனாள். கல்லாவில் அந்தப் பெண் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குள் குட்டிகளைக் காணோம்.

"மூணும் எங்கம்மா?"

"சொந்தக்காரங்க கேட்டாங்க, குடுத்துட்டோம்" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல்.

எந்த ஊர் விகாரை வாசல் என்று கேட்க நினைத்தாள். கேட்டு என்ன ஆகப்போகிறது? கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பெட்டை தொட்டிகளுக்கு அடியில் புகுந்து, குட்டிகள் கிடந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு, இரண்டு தடவை சுற்றிப் படுத்துக்கொண்டது. இனி இது குட்டி போடாது. அந்த மட்டில் சரி.

கோழிக்கடைக்காரன் எலும்பு எடுத்துவைத்திருப்பான். வெயில் ஏறுவதற்குள் போய் வாங்கவேண்டுமென்று ரம்பாய் வண்டியை உதைத்தாள். அது மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.